படம் சொல்லாமல் சொல்லுறது: உயர்தர வகுப்புக்கு எங்கட ஊர் உதாரணங்கள் வேணும்

வட்டக்கச்சி ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். உயர்தரப் பிள்ளையளுக்கு ஊடகக் கற்கை படிப்பிக்கிறன். படம், விளம்பரம், பதாகை, சிலை எண்டு கண்ணால வாசிக்கிற எதுவும் விழுமியத்தையும் மனப்பாங்கையும் நம்பிக்கையையும் எங்களுக்குள்ள எப்பிடி இறக்குது எண்டது இந்தத் தவணைப் பாடம். பிள்ளையள் கெட்டிக்காரர். கமராக் கோணம், நிறம், குறியீடு, பின்னணி எல்லாம் தண்ணியாச் சொல்லுவினம். முகம் வெள்ளையாக்கிற கிறீம் விளம்பரத்தைக் காட்டினா வகுப்பு முழுக்க "பெண்ணைப் பண்டமாகக் காட்டுகிறது" எண்டு ஒரே வசனத்தை எழுதிப்போட்டுப் பேனையை மூடிவிடுவினம். அதே பிள்ளை பின்னேரம் தன்ர படத்துக்கு வெள்ளை கூட்டித்தான் பேஸ்புக்கில போடும்.

அவை பஸ்ஸில வரேக்க காணுற படங்கள், வீட்டுச் சுவரில தொங்குற படங்கள்தான் எனக்கு வேணும். என்ன இருக்கு எண்டு மட்டும் சொல்லாமல், அது எங்களை எப்பிடி நம்ப வைக்குது எண்டும் எழுதுங்கோ.

முறிகண்டிக் கச்சான்

2009 ஆயிரம் ரூபாத் தாள். முன்பக்கம் அப்ப சனாதிபதியா இருந்த மகிந்த ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிக்கிறார், பின்பக்கம் ஆமிக்காரர் கொடியேத்தினம். இதைவிட உதாரணம் வேணுமோ?

பரந்தன் சந்தி

கச்சான் சொன்னதில ஒண்டு விட்டுப்போச்சு. அந்தத் தாள் வந்தது 2009 நவம்பரில. அப்ப எங்கட சனம் மெனிக் பாம் அகதி முகாமில முள்ளுக்கம்பிக்குள்ள. டிசம்பர் பிறந்த பிறகுதான் வெளியில போய்வர விட்டவை. "சமாதானமும் செழிப்பும் வந்திட்டுது" எண்டு சொல்லுற தாளைக் குடுத்துத்தான் முகாமுக்குள்ள மீன்ரின்னும் சவுக்காரமும் வாங்கினது. சிலையெண்டால் பார்க்காமல் போகலாம். காசைப் பார்க்காமல் விடேலுமோ? சேட்டுப் பொக்கற்றில வைச்சுக்கொண்டுதான் திரிய வேணும். பிறகு 2011இல வந்த தாள்களில தலைவர் முகம் ஒண்டும் இல்லை. குருவி, வண்ணாத்திப்பூச்சி, பாலம், ஆட்டக்காரர். பிள்ளையளிட்டை ரெண்டையும் பக்கத்தில வைச்சு, எது யாரைப் பெருமைப்படச் சொல்லுது எண்டு கேளுங்கோ.

நான் சொல்ல வந்தது கிளிநொச்சி நினைவுத்தூண். ஏ9 வீதிப் பக்கத்தில இருக்கிறது. பெரிய கொங்கிறீற் கட்டி, அதுக்குள்ள ஒரு செல் (எறிகணை) பாய்ஞ்சு நிக்குது, கட்டி வெடிச்சு மேல ஒரு தாமரை பூத்திருக்கு. வடிவமைச்சவன் விசயகாரன். அந்தச் சிலையில மனுசர் இல்லை எண்டதைக் கவனிச்சியளோ? கட்டி தடையாம், செல் வீரமாம், தாமரை பலனாம். ஒரு சண்டையைச் சொல்லி முடிச்சாச்சு, ஒரு சவமும் விழேல்லை. செல் விழுந்தா என்ன நடக்கும் எண்டு கிளிநொச்சியில நாலு வயசுப் பிள்ளைக்கும் தெரிஞ்ச காலத்தில, செல் விழுந்த இடத்தில பூ முளைக்கும் எண்டு ஒரு கல்லை நட்டு வைச்சிருக்கினம்.

அதோட, சனம் மீளக்குடியேறி தரப்பாளுக்குக் கீழ இருந்த நேரம் அந்த இடத்தில மட்டும் புல்லு வெட்டி, தண்ணி ஊத்தி, பளபள எண்டு வைச்சிருந்தவை. சிலையில எழுதினதைவிட அந்தப் புல்லுத்தான் எனக்குக் கனக்கச் சொன்னது.

நெடுங்கேணியான்

வந்திட்டினம். எந்தத் தலைப்பைத் திறந்தாலும் மூண்டாவது பதிவில நினைவுத்தூண். ரீச்சர், இதை வகுப்பில காட்டுங்கோ, அடுத்த கிழமை அதிபரைக் கூப்பிட்டு விசாரிப்பினம். பிறகு இஞ்ச எழுதினவன் ஒருத்தனும் வரமாட்டான்.

காட்சி எண்டால் அரசியல் மட்டுமோ? சந்தியில தொங்குற சாமத்திய வீட்டு (பூப்பு விழா) பிளெக்ஸ் பதாகையைப் பாருங்கோ. பதின்மூண்டு வயசுப் பிள்ளைக்குக் கலியாணப் பொம்பிளை மாதிரி அலங்காரம். பின்னால பனிமலை. நெடுங்கேணியில எங்கையப்பா பனிமலை?

ஸ்ரூடியோத் தம்பி, புதுக்குடியிருப்பு

அந்தப் பனிமலை நான் போட்டதுதான் அண்ணை 😀

ஆனா நானாப் போடேல்லை. வயலையும் வாய்க்காலையும் பின்னணியாக் காட்டினா, "என்ன தம்பி, எங்களை வயலுக்க நிக்க விடப்போறியோ?" எண்டு கேப்பினம். அதே வயலில வெளிநாட்டிலயிருந்து வந்த பிள்ளையை நிப்பாட்டி எடுத்தா "சூப்பர், நேச்சுரல்". வயல் ஒண்டுதான். அதில வேலை செய்யிறவைக்கு அது பின்னணியா வரக்கூடாது, வேலை செய்யாதவைக்கு வரலாம்.

ரீச்சருக்கு என்ர வேலையில இருந்து சிலதைச் சொல்லுறன். முதல் கேள்வி எப்பவும் நிறம். "கொஞ்சம் வெளிச்சமா வரட்டும்" எண்டுதான் சொல்லுவினம், வெள்ளையாக்கு எண்டு ஒருத்தரும் வாயால சொல்ல மாட்டினம். அம்மாவுக்கு ஒருமாதிரி, பொம்பிளைக்கு ஒருமாதிரி, மாப்பிள்ளைக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரே குடும்பப் படத்தில மூண்டு அளவில வெளிச்சம் கூட்டிக் குடுக்கிறன். ஆருக்கு எவ்வளவு கூட்டினனான் எண்டதைப் பார்த்தாலே அந்த வீட்டில ஆருக்கு அழகு கட்டாயம் எண்டு விளங்கும்.

அடுத்தது ஆளை ஒட்டுறது. வரேலாமல் போன சித்தப்பாவை சுவிசில எடுத்த படத்தில இருந்து வெட்டி நடுவில நிப்பாட்டுவம். செலவு அவற்றை எண்டால் நடுவில. செலவு இல்லையெண்டால் ஓரமா வட்டத்துக்குள்ள. விழாவில நிண்டு மூட்டை தூக்கின மாமா சில அல்பத்தில ஒரு படத்திலயும் இல்லை. சமைக்கிற இடத்துக்குக் கமரா போறேல்லைத்தானே.

ஸ்காபரோ சனிக்கிழமை

தம்பி, ஓரவட்டத்துக்குள்ள இருக்கிற ஆள் நான்தான் போல. இந்தமுறை காசு கூட்டி அனுப்புறன் 😂

வட்டக்கச்சி ரீச்சர்

தம்பி, இதுதான் நான் தேடினது! திருத்த முன்னமும் திருத்தின பிறகும் ஒரே படத்தின்ர ரெண்டு பிரதி தருவீரோ? வேற ஆற்றையும் முகம் வேண்டாம், உம்மடையே போதும்.

நெடுங்கேணியான் அண்ணைக்கு: அதிபரை நான் பாத்துக்கொள்ளுறன். ஆனா ஒண்டு, அரசியலை விட்டிட்டு இந்தப் பாடத்தை எப்பிடிப் படிப்பிக்கிறது எண்டு எனக்குத் தெரியாது. சாமத்திய பிளெக்ஸிலயும் சாதி, காசு, பொம்பிளைப் பிள்ளையின்ர உடம்பு எல்லாம் இருக்கு.

ஒட்டுசுட்டான் ரோட்டு

கற்சிலைமடுக் கல்லை ஒருத்தரும் சொல்லேல்லையே! ரீச்சருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. 1803 ஓகஸ்டில வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை அடிச்சுப் பிடிச்சவர். பிறகு வெள்ளைக்காரன் திருப்பி வந்தான். இந்த இடத்தில கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடிச்சார், 1803 ஒக்ரோபர் 31 எண்டு அந்தக் கல்லில வெட்டியிருக்கு. அதாவது அது வெண்டவன் நட்ட கல். எழுத்தில எழுவாய் கப்டன், எங்கட ஆள் செயப்படுபொருள்.

ஆனா அங்க மாலை விழுறது ஆருக்கு? கப்டனுக்கு ஒருத்தனும் பூ வைச்சதை நான் காணேல்லை. தோத்தவரின்ர நினைவிடமாத்தான் சனம் அந்தக் கல்லை வைச்சிருக்கு. கல்லில எழுதின வசனம் அதேதான், அதுக்கு முன்னால நிக்கிறவையின்ர பார்வை மாறிப்போச்சு. அப்ப ஒரு காட்சியின்ர விழுமியம் செய்தவன்ர கையிலயோ பாக்கிறவன்ர கையிலயோ எண்டு பிள்ளையளை வாக்குவாதப்பட விடுங்கோ.

இன்னொண்டு. பண்டாரவன்னியனை நேரில பாத்து ஆரும் கீறின படம் எங்களிட்டை இல்லை. வவுனியாவில நிக்கிற சிலை, முல்லைத்தீவில நிக்கிற சிலை எல்லாம் சிற்பியின்ர மனசில இருந்து வந்த முகங்கள்தான். வீரன் எண்டால் மார்பு எப்பிடி, நிமிர்வு எப்பிடி, வாள் எந்தக் கையில எண்டு நாங்கள் ஏற்கனவே நம்பி வைச்சிருக்கிறதைத்தான் சிற்பி எங்களுக்குத் திருப்பித் தந்திருக்கிறான்.

முறிகண்டிக் கச்சான்

வீரனுக்கு ஏன் ஒருநாளும் வண்டி வயிறு இல்லை?

மாங்குளத்துப் பிள்ளை

எல்லாரும் மற்றப் பக்கத்துச் சிலையை நல்லா வாசிக்கிறியள். எங்கட பக்கத்துப் படங்களை ஏன் விடுறியள்? கேட்டா துரோகி எண்டுவியளோ தெரியாது, எண்டாலும் எழுதுறன்.

இயக்கம், அதுதான் புலியள், தங்கட செத்த போராளியளைப் புதைச்ச துயிலும் இல்லங்களை நினைச்சுப் பாருங்கோ. கனகபுரம், விசுவமடு, முழங்காவில், அளம்பில். வரிசை வரிசையா ஒரே அளவுக் கல்லறை. தளபதிக்கும் நேற்றுச் சேர்ந்த பெடியனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சமம் எண்டதை வாயால சொல்லாமல் சொன்ன இடம் அது, சாதி பார்க்கிற ஊரில அது சின்ன விசயம் இல்லை. செத்தவையை எரிக்கிற வழக்கமுள்ள குடும்பத்துப் பிள்ளையையும் அங்க புதைச்சவை. புதைக்கிறது எண்டு சொல்லமாட்டினம், விதைக்கிறதாம். விதை எண்டால் முளைக்க வேணும், முளைக்க வேணுமெண்டால் இன்னும் ஆக்கள் வரவேணும். அந்த நம்பிக்கையை நிலத்திலயே கட்டி வைச்சிருந்தவை.

இனி, செத்த போராளியின்ர வீட்டுக்கு இயக்கம் குடுத்த படம். சீருடை, நேர்ப் பார்வை, லேசான சிரிப்பு, கீழ பேரும் திகதியும். தானாப் போன பிள்ளைக்கும் அதே சட்டம், அதே சிரிப்பு. கடைசிக் காலத்தில வீடு புகுந்து பிடிச்சுக்கொண்டு போன பிள்ளைக்கும் அதே சட்டம், அதே சிரிப்பு. எங்கட வீட்டில ரெண்டும் ஒரே சுவரில தொங்கினது. வாற ஆக்களுக்கு வித்தியாசம் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

ஆனையிறவுக்குப் போனால் புலியள் கவசம் கட்டின புல்டோசர் ஒண்டு நிக்குது. 1991இல அதில பாய்ஞ்சு செத்த சிப்பாய்க்குப் பக்கத்தில நினைவிடம். அங்கயும் பேர், படம், தாய்க்குப் பெருமை. ஆளை ஆள் கொன்ற ரெண்டு பக்கமும் படத்தை மட்டும் ஒரே மாதிரித்தான் சட்டம் போட்டிருக்கு.

பரந்தன் சந்தி

ஒரே மாதிரி எண்டு சொல்லுறது எனக்குச் செமிக்கேல்லை. ஒண்டுக்கு அரசாங்கம் காவல் நிக்குது. மற்றதை புல்டோசர் போட்டு உழுதாச்சு. கனகபுரத்தில உடைஞ்ச கல்லறைத் துண்டுகளைக் கூட்டி வைச்சுத்தான் சனம் கார்த்திகை (நவம்பர்) 27, மாவீரர் நாளில விளக்கு வைக்குது. ஆற்றை படம் நிக்கலாம், ஆற்றை படம் நிக்கக்கூடாது எண்டதும் பாடத்தில வரவேணும்.

மாங்குளத்துப் பிள்ளை

அதை நான் மறுக்கேல்லை. உடைச்சதால அந்தப் படத்துக்கு வெளியில நிண்ட அம்மா உள்ளுக்கு வந்திடுவாவோ எண்டுதான் கேக்கிறன்.

நெடுங்கேணியான்

நல்ல கேள்வி. (நான் இதை எழுதுவன் எண்டு நானே நினைக்கேல்லை.)

ஸ்ரூடியோத் தம்பி, புதுக்குடியிருப்பு

சட்டம், திகதி எண்டு கதைக்கேக்க என்ர கடையில நடக்கிற ஒண்டையும் எழுத வேணும். இது நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

செத்த ஆளின்ர படம் செய்யிறதுக்கு எங்களிட்டை ஒரு அச்சு இருக்கு. மாலை, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு, இடப்பக்கம் "மலர்வு", வலப்பக்கம் "உதிர்வு". முகத்தை நடுவில வைச்சாச் சரி. பத்து நிமிச வேலை.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர அம்மாமார் வந்தா அந்த அச்சைத் திறக்கவே கூடாது. கொம்பியூட்டரில தற்செயலா மாலை தெரிஞ்சாலே முகம் மாறிடும். மாலை இல்லை, விளக்கு இல்லை, கறுப்புச் சட்டம் இல்லை, உதிர்வு இல்லை. பேர், காணாமல் போன இடம், திகதி. சாமியறைச் சுவருக்குப் பக்கத்தில தொங்கவிடாமல் முன் விறாந்தையில வைக்கிற வீடுகளும் தெரியும். அந்தப் படத்தில என்ன இருக்கு எண்டு கேட்டா ஒரு பெடியன்ர முகம், அவ்வளவுதான். "என்ர பிள்ளை செத்ததெண்டு நீ சொல்லாதை" எண்டு அந்த அம்மா சொல்லுறது, போடாமல் விட்ட மாலையிலதான் இருக்கு. மரணச் சான்றிதழ் வாங்குங்கோ எண்டு வந்தவைக்கும் அந்தப் படம்தான் மறுமொழி.

கொண்டுவாற மூலப் படங்கள் எப்பிடி எண்டால்: பள்ளிக்கூட அடையாள அட்டையில இருந்து பிச்சது, கலியாண வீட்டுக் கூட்டப் படத்தில மூலையில நிண்டது, அடையாள அட்டைக்கு எடுத்த பாஸ்போட் அளவு. விரல் நகம் அளவு முகத்தைப் பதாகை அளவுக்குப் பெருப்பிக்க வேணும். கண் மங்கிப்போகும். கண்ணை மட்டும் கையால கீறுற மாதிரி ஒவ்வொரு புள்ளியாத் திருத்துவன். மற்றதைத் திருத்த விடமாட்டினம். நிறம் கூட்டச் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை. "அவன் கறுவல்தான் தம்பி, அப்பிடியே விடு."

ஒரு படம் 2008 கடைசியில தர்மபுரத்தில எடுத்தது. பின்னால தரப்பாள் கொட்டில், கயித்தில உடுப்பு. வழக்கமாச் செய்யிற மாதிரி நான் பின்னணியை வெட்டி நீலம் போட்டுக் குடுத்தன். தகப்பனுக்குப் பிடிச்சுது. தாய் பாத்திட்டு, தரப்பாளைத் திருப்பிப் போடு எண்டு சொன்னவா. அவ சொன்ன காரணம்: நீலத்துக்கு முன்னால நிண்டா எங்கையோ இருந்து ஓடிப்போனவன் மாதிரி இருக்கு, தரப்பாள் தெரிஞ்சாத்தான் அவன் எங்களோட கடைசிவரை வந்தவன் எண்டு பாக்கிறவைக்கு விளங்கும். புருசன் பெண்சாதி ரெண்டுபேரும் கடைக்குள்ள நிண்டு வாக்குவாதம். கடைசியில ரெண்டும் அடிச்சன். விறாந்தைக்கு நீலம், போராட்டத்துக்குத் தரப்பாள்.

வவுனியா பழைய பஸ்ராண்ட்

தம்பி எழுதினதுக்கு மேல ஒண்டு. காணாமல் ஆக்கப்பட்டவையின்ர அம்மாமாரின்ர தொடர் போராட்டம் 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில தொடங்கினது, நாலு நாளில வவுனியாவிலயும் தொடங்கிச்சுது. வவுனியாக் கொட்டிலில அம்மாமார் அமெரிக்கக் கொடியும் ஐரோப்பிய ஒன்றியக் கொடியும் பிடிச்சதைப் பாத்து எங்கட ஆக்களே நக்கலடிச்சவை. அந்தக் கொடி எங்களுக்குக் காட்டப் பிடிச்சது இல்லை. வெளிநாட்டுக் கமராவுக்கும் தூதரகத்துக்கும் காட்டப் பிடிச்சது. படத்தை ஆர் பாக்கப்போகினம் எண்டு நினைச்சுத்தான் அதுக்குள்ள சாமான் வைப்பினம். அம்மாமாருக்கு இது விளங்கின அளவுக்கு நக்கலடிச்சவைக்கு விளங்கேல்லை.

ஸ்காபரோ சனிக்கிழமை

இஞ்ச கனடாவில நாங்கள் அந்தப் படங்களைப் பகிருறதில ஒரு சிக்கல் இருக்கு. எப்பவும் அழுகிற அம்மாவின்ர படம்தான் ஓடும். மனு எழுதுற, பேர்ப்பட்டியல் வைச்சுக் கணக்குப் பாக்கிற, ஜெனிவாவில ஐ.நா.வில கதைக்கிற அதே அம்மாவின்ர படத்துக்கு ஒருத்தரும் கை வைக்கமாட்டினம். வன்னி எண்டால் கண்ணீர் எண்டு எங்கட பிள்ளையள் இஞ்ச வளருதுகள். ஊருக்கு ஒருக்கா வந்த என்ர மகள் அங்க கடையில ஐஸ்கிறீம் விக்கிறதைப் பாத்து ஆச்சரியப்பட்டவள். அதை அவளுக்குப் படிப்பிச்சது நாங்கள் அனுப்பின படங்கள்.

முறிகண்டிக் கச்சான்

வீட்டுத்திட்டப் படம்! இந்திய வீட்டுத்திட்டத்தில ஐந்தரை லட்சம் குடுத்தவை, வீடு வந்தது, நன்றி. அதை விடுங்கோ. வேற ஒரு நிறுவனம் எங்கட ஒழுங்கையில வீடு கட்டிக் குடுத்தது. புது வீட்டுக்குக் குடிபோய் ஒரு மாசம், பழைய கொட்டிலைப் பிடுங்க விடேல்லை. "முன்னம்" படம் இன்னும் எடுக்கேல்லையாம். பிறகு வந்து, அம்மாவைக் கொட்டில் வாசலில நிப்பாட்டி, சிரிக்காதேங்கோ எண்டு சொல்லி ஒண்டு. புது வீட்டு வாசலில சிரியுங்கோ எண்டு சொல்லி ஒண்டு. அதே நாள், அதே சீலை. கதவுக்கு மேல அவையின்ர பலகை இப்பவும் இருக்கு. வீட்டுக்காரரின்ர பேர் ஒரு இடத்திலயும் இல்லை.

வட்டக்கச்சி ரீச்சர்

கச்சான், இதைப் பரீட்சைக் கேள்வியாவே போடலாம்.

நான் இப்பிடிச் செய்யப்போறன்: ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில இருந்து ஒரு படம் கொண்டரட்டும். வெள்ளைத் தாளால ஒரு பகுதியை மூடிப்போட்டுப் பக்கத்தில இருக்கிற பிள்ளையிட்டைக் கதை கேக்கட்டும். பிறகு எடுத்துக் காட்டட்டும். காணாமல் ஆக்கப்பட்டவையின்ர படம் மட்டும் நான் கேக்கமாட்டன். வகுப்பில ஆற்றை வீட்டில என்ன இருக்கு எண்டு எனக்குத் தெரியும். தானாக் கொண்டு வந்தா வரட்டும். பண்டாரவன்னியன் கல்லுக்கு பஸ் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகலாம் எண்டு நினைக்கிறன், ஒட்டுசுட்டான் ஆக்கள் ஆரும் நிண்டு கதை சொல்லுவியளோ?

ஒட்டுசுட்டான் ரோட்டு

வாங்கோ ரீச்சர். மத்தியானம் சாப்பாடும் எங்கட பக்கம்.

சிவப்புத் தடி

பிந்தி வந்திட்டன். கண்ணிவெடி அகற்றுற வேலையில இருக்கிற பொம்பிளை நான், முகமாலைப் பக்கம். நீங்கள் எல்லாரும் ஆளுக்காள் சண்டைபிடிக்கிற படங்களைத்தான் எழுதுறியள். ஒருத்தரும் சண்டைபிடிக்காத படம் ஒண்டு இருக்கு: சிவப்புப் பலகை, வெள்ளை மண்டையோடு, "மிதிவெடி". மூண்டு மொழியில எழுதியிருக்கும், எழுத்தை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. அதைக் கண்டா ஆமிக்காரனும் நிப்பான், விறகு பொறுக்கிற கிழவியும் நிப்பா, மாடு தேடிப் போற பெடியனும் நிப்பான். இவ்வளவு நம்பிக்கை கிடைச்ச படம் வன்னியில வேற இருக்கோ?

எங்களுக்குக் கஷ்டம் அதுக்குப் பிறகுதான். நிலத்தைத் துப்புரவாக்கி, பலகையைப் பிடுங்கி, காணிக்காரரிட்டைக் குடுத்தாலும் காலை வைக்கமாட்டினம். பலகை நிண்ட இடத்தைச் சுத்திப் போற ஒத்தையடிப் பாதை அப்பிடியே கிடக்கும். நாங்கள் முதல் நடந்து காட்டவேணும், அப்பவும் சிலபேர் முதல் போகம் குத்தகைக்குக் குடுத்துப்போட்டு, குத்தகைக்காரன் உயிரோட வெட்டி முடிச்ச பிறகுதான் தாங்கள் இறங்குவினம்.

ரீச்சர், வகுப்புக்கு உண்மையான பலகை வேணுமெண்டால் எங்கட நிறுவனங்கள் பள்ளிக்கூடங்களுக்கு விழிப்புணர்வு செய்ய வரேக்க கேளுங்கோ, கொண்டுவந்து காட்டுவினம். ஆர்வக் கோளாறில ஒரு பிள்ளையும் வேலியில நிக்கிற பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்திடவேண்டாம் எண்டு முதலே சொல்லிவையுங்கோ.